பூட்டிய மருத்துவமனைகள் சொல்லும் வரலாறு

யூபிலி மலர் என்றால் எழுப்பிய கட்டடங்களின் வரலாறு அதில் இடம்பெறுவது வழக்கம். அடிக்கல் நாட்டிய நாள், கோபுரம் உயர்ந்த ஆண்டு, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றிய செலவு ஆகியவற்றையெல்லாம் ஒருவர் எழுத, மற்றவர் படித்து மகிழ்வர். நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு நேர்மாறானது. மக்கள் எழுப்பி, பல்லாண்டு காலம் நடத்தி, பின்னர் பூட்டிவிட்டுப் போன கட்டடங்களின் வரலாறு இது. அவற்றுள்ளும் மருத்துவமனைகளைப் பற்றியே எழுத முனைகிறோம். விழாக் காலத்தில் இப்படியும் ஒரு பொருளா என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். தொழிற்சாலைகளும் அனல் மின் நிலையங்களும் சூழ்ந்த வள்ளூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான பொருள் வேறு இல்லை என்பதே நம் பதில். கட்டுரையை முடிவுவரை படித்தால் அதன் காரணம் விளங்கும்.

கைவிடப்பட்ட வீடு ஒன்று இருந்தால் அது ஒரு குடும்பத்தின் துயரம். கைவிடப்பட்ட ஆலை ஒன்று இருந்தால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் வந்த கேடு. மருத்துவமனை அப்படியன்று. சாதி, மதம், தொழில் என்ற வேறுபாடு இல்லாமல் ஊரில் பாதிப் பேர் பிறந்த இடம் அது; அவர்களுடைய பெற்றோர் கண்மூடிய இடமும் அதுவே. ஆகவேதான் பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றால் எவருக்கும் ஏதாவது ஒரு நினைவு எழுகிறது. வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோன சீசாவில் கம்பவுண்டர் சிவப்பு மிக்ஸ்சர் ஊற்றித் தந்ததும், வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரம் வெட்டிய காகிதத்தைச் சீசாவின் பக்கத்தில் ஒட்டியதும், வராந்தாவில் கழுவிவிட்ட பினாயில் வாடையும் நம் மூத்தோர் பலருக்கு இன்றும் மறக்கவில்லை.

இத்தகைய இடங்களைத் தேடிச் செல்வது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் லூயிவில் நகருக்கு அருகே வேவர்லி ஹில்ஸ் என்ற காசநோய் மருத்துவமனை 1910இல் திறக்கப்பட்டு 1961இல் மூடப்பட்டது. இப்போது பேய் பார்க்கும் ஆசையில் மக்கள் அங்கே கட்டணம் செலுத்திச் செல்கின்றனர். ஜெர்மனியில் பெர்லினுக்கு அருகே பீலிட்ஸ் என்னும் ஊரில், தொழிலாளர் காப்பீட்டு நிதியைக் கொண்டு 1898 முதல் கட்டிய பெரிய மருத்துவமனை வளாகம் ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளரின் நெஞ்சு நோய்க்காகக் கட்டப்பட்ட அந்த வளாகத்தின் பல கட்டடங்கள், சோவியத் படையினர் 1990களில் வெளியேறியபின் பாழாயின. கூரையில் மரம் முளைத்த அந்த இடிபாடுகளை மேலிருந்து காண நடைபாலம் அமைத்து, அதற்கும் சீட்டு விற்கின்றனர்.

பேயைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மருத்துவமனை ஏன் காலியாயிற்று? இக்கேள்விக்கு வரலாறு மூன்று விதமான விடைகளைத் தருகிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கடல் கொண்ட மருத்துவமனை

முதல் விடை இயற்கையின் சீற்றம். இதற்கு நம் தமிழகத்திலேயே தனுஷ்கோடி சான்றாக உள்ளது.

1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி ஒரு முக்கியமான துறைமுக ஊராயிற்று. சென்னையிலிருந்து ரயில், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு என்று பயணம் அமைந்திருந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, கத்தோலிக்க ஆலயம், ரயில்வே மருத்துவமனை ஆகியவை அச்சிறு ஊரில் இருந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் அலை கொண்டுபோயிற்று. அதில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. அதன்பின் அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பவளப் பாறைக் கற்களால் கட்டிய ஆலயத்தின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. இராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர் அவற்றைக் கண்டு ஒரு கணம் மௌனமாக நின்று திரும்புவர்.

இங்கே மருத்துவமனை மட்டும் மறையவில்லை. அது சேவை செய்த ஊரே மறைந்தது. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. கடலை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியாது. மாண்டவருக்காக மன்றாடுவதும், இருப்பவரை முன்னெச்சரிக்கையோடு காப்பதுமே நம்மால் ஆவது.

நோய் தீர்ந்ததால் காலியானவை

இரண்டாவது விடை மகிழ்ச்சிக்குரியது. நோய்க்கு மருந்து கிடைத்ததால் சில மருத்துவமனைகள் காலியாயின.

காசநோயைப் பாருங்கள். க்ஷயம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோய் அது. மருந்து இல்லாத காலத்தில் மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, நோயாளியை நகரத்து நெரிசலிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுப்பதே. அதற்காக எழுந்தவையே சானடோரியங்கள். டாக்டர் சவுரிமுத்து என்னும் தமிழர் இங்கிலாந்தில் இத்தொழிலில் பெயர் பெற்றுத் திரும்பி, 1928இல் தாம்பரத்துக்கு அருகே ஒரு சானடோரியத்தை நிறுவினார். பின்னர் அதை அரசு ஏற்றுக்கொண்டது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரில் அந்த வரலாறு இன்றும் வாழ்கிறது.

பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோநியசிட் புழக்கத்துக்கு வந்தது. மருந்து வந்தாலும் ஓர் ஐயம் தீரவில்லை. குடிசையில், அரைவயிற்றுக் கஞ்சியோடு, குழந்தைகளின் நடுவே படுத்திருக்கும் ஏழைக்கு மருந்து மட்டும் கொடுத்தால் போதுமா? அல்லது அவனையும் சானடோரியத்துக்கு அனுப்பித்தான் ஆகவேண்டுமா? நாட்டில் இருந்த படுக்கைகளோ சொற்பம், நோயாளிகளோ இலட்சக்கணக்கில்.

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் நம் சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி, 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். முடிவு 1959இல் வெளியாயிற்று. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்தாருக்கும், நெரிசலான வீட்டிலேயே இருந்து மாத்திரை உண்டவருக்கும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவரால் உடன் வாழ்ந்தவருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை.

இம்முடிவு வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது. சில மூடப்பட்டன, சில ஓட்டல்களாயின, சில வேறு மருத்துவமனைகளாக உருமாறின. தாம்பரத்து மருத்துவமனை நெஞ்சக நோய்களுக்கென்று இன்றும் உழைக்கிறது. பெருந்துறைச் சானடோரிய வளாகத்தில் மருத்துவக் கல்லூரி எழுந்தது. காசநோய் நம் நாட்டைவிட்டு ஒழியவில்லை. ஆனால் அந்த நோயாளி வீட்டைப் பிரிந்து வனவாசம் போகவேண்டிய காலம் ஒழிந்தது. அத்தகைய படுக்கை ஒன்று காலியாகக் கிடந்தால், அதைக் கண்டு நாம் இறைவனுக்கு நன்றி கூறலாம்.

தொழுநோயின் கதையும் இத்தகையதே. ஹவாய்த் தீவுகளில் மொலக்காய் என்னும் தீவின் கலாவுபாப்பா பகுதிக்கு 1866 முதல் தொழுநோயாளரை நாடுகடத்துவதுபோல் அனுப்பினர். காலப்போக்கில் ஏறத்தாழ 8,000 பேர் அவ்வாறு பிரிக்கப்பட்டனர். 1873இல் அங்கே சென்று அவர்களோடு வாழ்ந்து, அதே நோயால் 1889இல் மரித்த புனித தமியானை நாம் அறிவோம். 2009இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1969இல் பிரித்துவைக்கும் சட்டம் நீங்கியது. வாசல் திறந்தபின்னும் அங்கே வாழ்ந்தோரில் பலர் வெளியேற விரும்பவில்லை. அது அவர்களுடைய வீடாகிவிட்டது. அவர்கள் விரும்பும்வரை அங்கேயே இருக்கலாம் என்று அரசு உறுதி அளித்தது. இக்குறிப்பை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். நோய் தீர்ந்தபின்னும் நோயாளியைக் கைவிடாமல் காத்த கதை இது.

நோயாளி இருக்கவே பூட்டியது

மூன்றாவது விடைக்கு நாம் கோலார் தங்கவயலுக்குச் செல்லவேண்டும். நம் ஊரிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை வழியே பங்காருப்பேட்டையில் இறங்கி மாறினால் சென்று சேரக்கூடிய தொலைவே அது. கர்நாடக மாநிலத்தில் இருந்தாலும் தங்கவயலை உருவாக்கிய கைகளில் மிகுதியானவை தமிழ்க் கைகள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள், குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய பெயர்கள் நம்மவர் பலர் வீட்டில் உறவு வழியாகப் பழகியவையே.

மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்து நாட்டவர் 1870களில் அங்கே பொன் தேட உரிமம் பெற்றார். 1880இல் இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் சுரங்கங்கள் பெருகின. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீரின் மின்சாரம் அந்தச் சுரங்கங்களுக்காகவே கொண்டுவரப்பட்டது. பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம்வரை தோண்டினர். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது என்பர். 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவாயிற்று. பொன் குறைந்து செலவு மிகுந்ததால் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கத்தோடு சேர்ந்து பிறந்தது கம்பெனி மருத்துவமனை. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும்போது அடிபட்டவர்களை அங்கேதான் கொண்டுபோவர். சுரங்கத்தாரின் மனைவியருக்குப் பிரசவம் பார்த்ததும் அங்கேதான். பல நூறு படுக்கைகளோடு, சுற்று வட்டாரத்திலேயே இதற்கு இணை இல்லை என்ற பெயரோடு அது விளங்கியது. சுரங்கம் மூடியபோது அந்த மருத்துவமனையும் மூடப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் அது சுரங்கத்தின் ஒரு பிரிவு. சுரங்கமே இல்லை என்றபின் மருத்துவமனை எதற்கு என்பது கணக்கரின் நியாயம்.

ஆனால் நெஞ்சுக்கூட்டில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நுரையீரலில் தங்கிய தூசி

தங்கவயலில் பொன் தனியாகக் கிடைப்பதில்லை. குவார்ட்ஸ் எனும் வெண்கற்பாறையின் நரம்புகளில் அது கலந்திருக்கும். அந்தப் பாறையைத் துளையிட்டு, வெடிவைத்துப் பிளந்து, இடித்துப் பொடியாக்கினால்தான் பொன் பிரியும். அப்போது எழும் தூளில் சிலிகா உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்து, சளியாகத் துப்பச் செய்யும். கண்ணுக்குத் தெரியாத, நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த துகளே அபாயகரமானது. அது நுரையீரலின் அடியாழம்வரை இறங்கிவிடும். அதை விழுங்கி அழிக்க வரும் உடலின் காவல் அணுக்கள், விழுங்கியபின் தாமே மடிகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பின்மேல் தழும்பாக, பஞ்சுபோல் இருந்த நுரையீரல் ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்போல் இறுகுகிறது. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர்.

இந்நோயின் கொடுமை இரண்டு. முதலாவது, இது பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். மாடிப்படி ஏறும்போது சிறிது இரைப்பு, பின்னர் நடக்கும்போது, முடிவில் படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறல். இதோடு காசநோயும் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, வேலையை விட்டாலும் நோய் நிற்காது. உள்ளே போன தூசியை வெளியே எடுக்கும் மருந்து எதுவும் இல்லை.

இதைத் தங்கவயல் அறியாமல் இல்லை. மைசூர் அரசு 1940இலேயே சிலிகோசிஸ் விதிகளை வகுத்து, இந்நோய்க்கு நஷ்டஈடு உண்டு என்று ஏற்றது. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தனர். பத்துக்கு நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் அறிகுறி காணப்பட்டது. இந்தியாவில் இந்நோயைப் பற்றிய மருத்துவ அறிவின் தொடக்கமே அந்த ஆய்வுதான் எனலாம். துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்குதல், காற்றோட்டம் அமைத்தல், காலந்தோறும் மார்பைப் படம் எடுத்தல் ஆகிய பாதுகாப்பு முறைகள் சுரங்கத் தொழிலில் வேரூன்றியதற்குப் பின்னால் இத்தகைய தொழிலாளரின் நெஞ்சு இருக்கிறது.

இப்போது 2001ஐ எண்ணிப் பாருங்கள். சுரங்கம் நின்ற மறுநாள் புதிய தூசி எவர் நெஞ்சுக்குள்ளும் போகவில்லை. ஆனால் 1980களிலும் 1990களிலும் உள்ளே போன தூசி தன் வேலையை நிறுத்தவில்லை. நோய் முற்றி வெளிப்படும் வயதில், அந்நோயை நன்கு அறிந்த மருத்துவமனையின் கதவு பூட்டப்பட்டுவிட்டது. சானடோரியம் காலியானதற்கும் இது காலியானதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அங்கே நோயாளிக்கு மருத்துவமனை தேவைப்படாமல் போயிற்று. இங்கே மருத்துவமனைக்கு நோயாளி தேவைப்படாமல் போயினர்.

பின்னர் நடந்ததும் அறியத்தக்கது. வேலை இழந்த ஊரின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர்; இரவில் திரும்புகின்றனர். பொன் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவுமண், சயனைட் மேடு என்ற பெயரில் குன்று குன்றாக நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அந்த மண்ணிலிருந்து, காற்றடிக்கும் காலத்தில் தூசி வீடுகளுக்குள் வருகிறது. பொன் எங்கெங்கோ போயிற்று; தூசி ஊரிலேயே தங்கிற்று.

இருபது ஆண்டுக்குப் பின் திறந்த கதவு

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது நம் ஊர்களில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் மக்கள் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. அப்போது தங்கவயலில் ஒரு காரியம் நடந்தது. இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்தச் சுரங்க மருத்துவமனையைத் திறந்தனர். ஊர் மக்கள் தாமே முன்வந்து கைகொடுத்தனர். குப்பையை வாரி, புதரை வெட்டி, தரையைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, சில வாரங்களில் அதை நோயாளிகளுக்கு ஆயத்தமாக்கினர்.

பெருக்கியவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்களாக இருந்திருப்பர் என்று எண்ணுவதில் தவறில்லை. அவ்வூரில் பிறப்பதற்கு அதைவிடப் பெரிய இடம் வேறு ஏது? கைவிடப்பட்ட மருத்துவமனையைத் தேடிச் செல்வோர் கையில் காமிரா இருக்கும். தங்கவயல் மக்கள் கையில் துடைப்பம் இருந்தது. நினைவு என்பது பெருமூச்சு விடுவதற்கு மட்டும் அன்று, கடமைக்கும் அது வழிகாட்டும் என்று அவர்கள் காட்டினர்.

அந்நிகழ்ச்சி மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்திற்று. சுவர்கள் நின்றன, கூரை நின்றது, கழுவினால் தரையும் மின்னியது. கட்டடத்துக்கு உயிர் கொடுப்பது அவ்வளவு கடினமன்று. ஆனால் இருபது ஆண்டுகளில் மூச்சுத் திணறி மறைந்த மனிதரின் உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எவரெவர் எத்தனை ஆண்டு எந்த ஆழத்தில் உழைத்தார், அவருடைய மார்புப் படம் அப்போது எப்படி இருந்தது, பின்னர் எப்படி மாறியது என்ற தொடர்ச்சியான குறிப்பு ஒருமுறை அறுந்தால் மீண்டும் முடிச்சுப் போட முடியாது. மருத்துவமனை மூடும்போது கட்டிலைவிட விலையுயர்ந்த இழப்பு அதுதான்.

நம் வாசலில்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர், மணலி, வடக்கே கும்மிடிப்பூண்டி என்று நம் பங்கு மக்கள் வேலைக்குப் போகும் திசையெல்லாம் புகைபோக்கிகள். வள்ளூர் அனல் மின் நிலையம் மட்டும் 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் கொண்டது. மொத்தம் 1,500 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியில் பத்துக்கு மூன்று, நான்கு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலிலும் சிலிகா உண்டு. அது பெரும்பாலும் கண்ணாடித் தன்மை உடையதாகையால் சுரங்கத்துக் குவார்ட்ஸ் தூளின் அளவுக்குக் கொடியதன்று. ஆயினும் எந்தத் தூசியையும் ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதன்று. வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சு உடைப்போர், இரும்பின்மேல் மணல் பீய்ச்சித் துரு நீக்குவோர், கல் உடைக்கும் கிரஷரில் நிற்போர், சாணைச் சக்கரத்தில் தேய்ப்போர், கட்டடங்களில் கல்லும் டைல்ஸும் அறுப்போர் ஆகியோருக்கு அபாயம் இன்னும் கூடுதல்.

மின்சாரம் வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் வீட்டு அடுப்பு எரிவது அந்தக் கூலியால்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, மருத்துவர் அரசுக்கு அறிவித்தாக வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இடம்பெற்றது. அதே 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் பிறந்து, 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் முதலில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கம்பெனியின் மருத்துவமனை அந்தக் கம்பெனியோடு மறைந்துவிடும். காப்பீட்டு மருத்துவமனை பல தொழிற்சாலைகளுக்கும் பொதுவானதாகையால் ஒன்று மூடினாலும் அது மூடாது. இவ்வேறுபாட்டின் அருமையைத் தங்கவயல் நமக்குக் கற்பிக்கிறது.

ஆனால் இன்று நம் பகுதியில் மிகுதியானோர் ஒப்பந்தத் தொழிலாளர். இந்த ஆண்டு ஒரு வாசல், மறு ஆண்டு வேறொரு வாசல். இன்று ஒரு காண்டிராக்டர், நாளை மற்றொருவர். இருபதாம் ஆண்டில் இருமல் வரும்போது, எங்கே எத்தனை நாள் எந்தத் தூசியில் நின்றோம் என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுச் சீட்டும் இராது. தங்கவயல் தொழிலாளிக்காவது, ஒரு காலத்தில் அவர் பெயர் எழுதிய பதிவேடு ஒன்று ஓரிடத்தில் இருந்தது. நம்மவருக்கு மூடுவதற்கும் ஒரு மருத்துவமனை இல்லை.

ஒரு வேண்டுகோள்

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் பங்கு மக்களிடம் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறோம்.

பதிவேட்டின் அருமையை நம் திருச்சபை நெடுங்காலமாக அறியும். 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணங்களைப் பதிந்து வைக்குமாறு பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது; அதையொட்டி உலகெங்கும் பங்குகளில் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் புத்தகங்கள் வைப்பது முறையாயிற்று. மிக ஏழையான கூலியாளின் பெயரும் அதில் உண்டு. பிறந்ததற்கும் மரித்ததற்கும் குறிப்பு இருக்கிறது. நடுவில் அவர் உழைத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குத்தான் குறிப்பு இல்லை.

ஒவ்வொரு வீட்டிலும் உழைப்பவருக்கென்று ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கோப்பும் வைப்போம். எந்த நாளில் எந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார், என்ன வேலை, எப்போது நின்றார் என்று எழுதுவோம். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண், காப்பீட்டு அட்டை, எக்ஸ்ரே படம், மருத்துவர் எழுதிய சீட்டு ஆகியவற்றை அதில் சேர்ப்போம். எக்ஸ்ரே படத்தை வெயில் படும் பரணில் எறியாமல், தேதி எழுதிய உறையில் வைப்போம். மருத்துவரிடம் போனால் இருமலைச் சொல்வதோடு நில்லாமல் செய்யும் தொழிலையும் சொல்வோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குத் தயங்காமல் செல்வோம். படிப்பறிவில்லாத முதியோருக்கு நம் இளைஞர்கள் ஞாயிறு பூசைக்குப்பின் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு பேனாவும் பொறுமையும் போதும்.

நல்ல சமாரியர் உவமையை நாம் அனைவரும் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். காயமுற்றவனுக்கு எண்ணெய் வார்த்துக் கட்டுப்போட்டதையே பலரும் எடுத்துச் சொல்வர். அதற்குப் பின்னும் அவர் ஒன்று செய்தார். சத்திரத்தாரிடம் பணம் கொடுத்து, இதற்கு மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துவிட்டே புறப்பட்டார். தம் பயணத்தை அவர் தொடர வேண்டியிருந்தது, அதில் குற்றமில்லை. ஆனால் பொறுப்பை முடித்துக்கொண்டு அவர் போகவில்லை.

தொழிற்சாலைகள் வரும், ஒருநாள் மூடப்படும். மருத்துவமனைகளும் அப்படியே. மூடுவது எல்லாமே பாவமன்று என்பதைச் சானடோரியங்கள் காட்டின. உள்ளே இருந்தவருக்கு என்ன ஏற்பாடு செய்துவிட்டுக் கதவைப் பூட்டினார்கள் என்பதே கேள்வி. நம் பங்கில் உழைத்து ஓய்ந்த ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஆலயத்தின் பின்வரிசையில் வந்து அமரும்போது, அவருடைய பெயரும் தொழிலும் நமக்குத் தெரிந்திருக்கட்டும். அவரைப் பற்றிய குறிப்பு நம்மிடம் இருக்கட்டும்.